கண்ணாடிக் கூரையின் சுண்ணாம்பு

வைகாசி கடைசியில் எங்கள் மலையில் நிழல் எடுப்போம். ஏலச் செடி மர நிழலில்தான் வளரும். வெயில் நேராகப் பட்டால் இலை வெந்துபோகும். ஆனால் சாரல் மாதங்களில் அந்த நிழலே செடிக்குப் பகை. இருட்டும் ஈரமும் சேர்ந்தால், தூரடியில் தரையோடு படர்ந்து பூக்கிற சரங்கள் அழுகிப்போகும். அதனால் மேற்கே மேகம் கட்டி, இரண்டு நாள் சூரியன் முகம் காட்டாமல் இருந்தால், மூன்றாம் நாள் காலையில் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு மரம் ஏறிவிடுவோம். பலா, சந்தன வேம்பு, முள்முருக்கு என்று எது நின்றாலும் கிளைகளைக் கழித்து வானத்தைத் திறந்துவிடுவோம். கங்காணி வந்து சொல்ல வேண்டியதில்லை. குரங்கணிக்கு மேலே நாங்கள் குடியிருந்த எஸ்டேட்டில், ஐந்தாம் வகுப்பை முடித்த கையோடு நான் இறங்கிய வேலை அது. முப்பது வயதில் அது யோசித்துச் செய்கிற வேலையாக இல்லை. பசி எடுப்பது மாதிரி ஆகியிருந்தது.

அந்தப் பழக்கத்தால் மெட்ராஸில் ஒருவருடைய வேலை போயிற்று. மரமே இல்லாத இடத்தில், ஒரு கண்ணாடி வீட்டுக்கு மேல் ஏறி நான் நிழல் எடுத்தேன். பறிபோனது என்னுடைய வேலை அல்ல.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் முதலாளி போடியில் இருந்தார். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் மெட்ராஸில் ஒரு பெரிய பூங்காவின் கமிட்டியில் இருந்தார். அந்தப் பூங்காவில் பொதுமக்கள் பார்ப்பதற்கென்று ஒரு கண்ணாடி வீடு இருந்தது. உள்ளே தூர தேசத்துச் செடிகளெல்லாம் வைத்திருந்தார்கள். நம் மலைச் செடிகளுக்கும் ஒரு மூலை வேண்டும், பாயசத்தில் போடுகிற ஏலக்காய் எப்படிக் காய்க்கிறது என்று பட்டணத்துப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று கமிட்டியில் பேசி, நாற்பது தூர் கேட்டு எழுதியிருந்தார்கள். கூடவே ஓர் ஆளும் கேட்டிருந்தார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "வாயாடி ஒருத்தனை அனுப்புனா அங்க போயி என் மானத்தை வாங்கிருவான். நீ போ," என்றார். ஒரு வருஷம் செடிகளைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு வந்தால் கீழே போடியில் இருக்கிற ஏலக்காய் ஸ்டோரில் வேலை தருவதாகவும், குழந்தையைப் போடியில் படிக்க வைக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு ஆறு வயதில் ஒரு மகள். எஸ்டேட் பள்ளிக்கூடம் ஒரே அறை, ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க மலை இறங்க வேண்டும். இறங்கினால் எங்களுக்கு எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு இருக்காது. ஆகவே தலையாட்டினேன்.

என் மனைவி மட்டும் சிரித்தாள். "வழி கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு மெட்ராஸைத் தாண்டிப் போயிறாதீக," என்றாள்.

கார்த்திகையில் தூர்களைத் தோண்டினோம். வேரோடு ஒட்டின மண் உதிராமல் சாக்கில் வைத்து, வாழை நாரால் கட்டி, தலைச்சுமையாகக் குரங்கணிக்கு இறக்கி, அங்கிருந்து ஜீப்பில் போடிக்குக் கொண்டுவந்தோம். போடியில் லாரி ஏற்றினார்கள். லோடோடு லோடாக நானும் மேலே உட்கார்ந்துகொண்டேன். டீக்கு வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி வாளியில் தண்ணீர் பிடித்துத் தெளித்தேன். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு இடத்தில் ஊருக்குள் ரொம்ப தூரம் நடந்து போய் ஒரு குளத்தைக் கண்டுபிடித்தேன். டிரைவர் என்னைத் திட்டிக்கொண்டே காத்திருந்தார்.

கண்ணாடி வீடு நான் நினைத்ததைவிடப் பெரியது. இரும்புச் சட்டத்தில் கண்ணாடிகளைப் பதித்து, ஒரு தென்னை உயரத்துக்குக் கூரை எழுப்பியிருந்தார்கள். நடுவில் ஒரு தொட்டி. குழாய்களிலிருந்து தண்ணீர் புகையாக இறங்கும். உள்ளே நுழைந்ததும் ஈர மண் வாசனை அடித்தது. கண்ணை மூடினால் எங்கள் ஓடைக்கரை. திறந்தால் கண்ணாடிக்கு வெளியே பஸ்சு போய்க்கொண்டிருக்கும். ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் தினமும் வந்து பெரணிச் செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் பத்திரிகை படித்துவிட்டுப் போவார். அவரைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருக்கும்.

அங்கே வேலை பார்த்தவர் ஒருவர்தான். அவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. அவரை நிரந்தரமாக்குவதற்கான பட்டியலில் பெயர் சேர வேண்டுமானால், இரண்டு வருஷம் ஒரு நாள்கூட விடாமல் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்று விதி. இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். நான் போனபோது அவர் ஒன்றே கால் வருஷத்துக்கு மேல் கடந்திருந்தார். ஆடியில் பட்டியல் போகும் என்றார். காய்ச்சல் வந்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து தொட்டிக்குப் பின்னால் படுத்துக் கிடப்பார், ஆனால் வந்துவிடுவார். நிரந்தரமானால் பூங்காவுக்குள்ளேயே ஒரு வீடு கொடுப்பார்கள். அவர் குடும்பம் கால்வாய் ஓரத்துக் குடிசையில் இருந்தது. மழைக்காலத்தில் கால்வாய் வீட்டுக்குள் வந்துவிடும்.

நான் பூங்காவில் சாமான் வைக்கிற கொட்டகையில் படுத்துக்கொண்டேன். சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வந்தது. அவருடைய மனைவி கொடுத்தனுப்புகிற தூக்குச் சட்டியில் எனக்கும் சேர்த்து இருக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மாளை "மதினி" என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் சொல்வோம். அவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லையாம். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு என்னை மறுபடியும் சொல்லச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பூச்சி சாப்பிட்டுச்சா, பூச்சிக்குக் கருவாடு பிடிச்சுதா என்று கணவரிடம் கேட்டு அனுப்புவார்கள்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஏலச் செடிக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிற இலைகளுக்குள் காயைத் தேடுவார்கள். சரம் காலடியில் கிடக்கும். எனக்கு எடுத்துச் சொல்லக் கூச்சம். அவர்தான் சொல்வார்: "மேல இன்னா பாக்கறீங்க? கீழ பாருங்க. ஏலக்கா தரையிலதான் காய்க்கும், கருவாடுதான் மரத்துல காய்க்கும்." பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கும். ஒரு வாத்தியார் அதை நோட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

மாசி முடிந்ததும் எனக்குப் பயம் வந்தது. அப்படி ஒரு வெயிலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு நாள் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செடிய நீ பாத்துக்க தம்பி. வெயில நான் பாத்துக்கறேன்."

சொன்னபடி பார்த்துக்கொண்டார். பங்குனியில் கூரை மேல் ஏறி கண்ணாடி முழுவதும் சுண்ணாம்பு அடித்தார். அதற்கு மேல் சாக்குகளைத் தைத்து விரித்தார். மணிக்கொரு தடவை தரையை நனைத்தார். கத்திரி வெயிலில் குழாயில் தண்ணீர் நின்றபோது, தெருக்கோடியிலிருந்து குடத்தில் சுமந்துவந்து ஊற்றினார். நானும் சுமந்தேன், ஆனால் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் நனைய வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். நாற்பது தூரும் கத்திரியைத் தாண்டின. வைகாசி நடுவில் தூரடியில் புதுச் சரங்கள் நீண்டன. பூங்கா சூப்பிரண்டு வந்து குனிந்து பார்த்துவிட்டு எங்கள் முதலாளிக்குக் கடிதம் எழுதினார். சுண்ணாம்பு அடித்தவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வைகாசி கடைசியில் ஒரு நாள் விடிகாலையில் அவர் கொட்டகைக்கு வந்து என்னை எழுப்பினார். ஊரில் தாயாருக்கு முடியவில்லை என்று ஆள் வந்திருந்தது. பட்டியலுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. வருகைப் பதிவேடு பூங்கா மேஸ்திரியின் கையில் இருந்தது. மேஸ்திரி நல்ல மனுஷர். இரண்டு மூன்று நாள் என்றால் வந்ததாகப் போட்டுவிடுவதாகவும், யாருக்கும் தெரியக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். தெரிந்தால் மேஸ்திரிக்கும் வேலை போகும். "யாரு கேட்டாலும் இப்பத்தான் பம்பு ரூமுக்குப் போனாருன்னு சொல்லு," என்றார் அவர். நான் தலையாட்டினேன். அவர் போனார்.

அன்று மத்தியானம் மேற்கே மேகம் கட்டியது. காற்று மாறியது. சாயங்காலம் தூறல் போட்டது. மறுநாள் முழுக்கச் சூரியன் வெளியே வரவில்லை. கண்ணாடி வீட்டுக்குள் சுண்ணாம்பும் சாக்கும் சேர்ந்து ஒரே இருட்டு. குனிந்து பார்த்தால் சரங்களின் நுனியில் ஈரம் கோத்து நின்றது. ஒன்றிரண்டு பூ கறுத்திருந்தது. என் உடம்புக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்தது. சாரல் பிடித்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் ஏணியைப் போட்டுக் கூரை மேல் ஏறினேன். சாக்குகளைக் கழற்றிக் கீழே தள்ளினேன். ரப்பர் குழாயில் தண்ணீர் அடித்து, தேங்காய் நாரால் தேய்த்து, கண்ணாடி கண்ணாடியாகச் சுண்ணாம்பைக் கழுவினேன். வெள்ளை வெள்ளையாக வழிந்து இரும்புச் சட்டத்தில் ஓடியது. மேஸ்திரி கீழே நடந்து போனார், அண்ணாந்து பார்த்தார். ஊருக்குப் போனவர்தான் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானத்துக்குள் முடித்தேன். உள்ளே இறங்கி வந்து பார்த்தால், மேக வெளிச்சம் செடி மேல் மெதுவாக விழுந்துகொண்டிருந்தது. எங்கள் மலையில் நிழல் எடுத்த அன்றைக்கு இருப்பதுபோலவே இருந்தது. அந்தப் பட்டணத்தில் நான் இருந்த ஏழு மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் விடியும்போதே வானம் நீலமாக இருந்தது. ஒரு துண்டு மேகம் இல்லை.

ஒன்பது மணிக்கெல்லாம் கண்ணாடி வீடு காய் உலர்த்துகிற ஸ்டோர் மாதிரி ஆகிவிட்டது. குமாஸ்தா பெரியவர் உள்ளே காலை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். இலைகள் நீளவாக்கில் சுருண்டன. நான் ஏணிக்கு ஓடினேன். ஈரச் சாக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தோளில் போட்டு ஏறி விரித்துக்கொண்டிருந்தேன். நாலைந்து சாக்குகூட விரித்திருக்க மாட்டேன். கீழே பார்த்தால் அவர் நின்றிருந்தார். கையில் மஞ்சள் பை. ஒன்றும் கேட்கவில்லை. பையை வைத்துவிட்டு ஏறி வந்தார். இரண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் சாக்கு விரித்தோம், தண்ணீர் ஊற்றினோம். ஆனால் பத்து மணிக்கே இலை ஓரங்கள் வெளுத்திருந்தன. வெந்நீரில் போட்டு எடுத்த கீரை மாதிரி தொங்கின.

இருட்டுவதற்கு முன்னால் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டார்.

"எங்க ஊர்ல இந்த மாசம் மேகம் கட்டுனா நெழல் எடுப்போம்ணே," என்றேன்.

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "இங்க ஐப்பசியிலதான்பா மழ," என்றார். "அந்தச் சுண்ணாம்ப நான் கழுவவே மாட்டேன். ஐப்பசி மழையே கழுவிடும்."

பிறகுதான் அம்மா போய்விட்டாள் என்று சொன்னார். முந்தின நாள்தான் எடுத்தார்களாம். அவர்தான் கொள்ளி வைத்திருக்கிறார். நான் அவருடைய தலையைப் பார்த்தேன். முடி அப்படியே இருந்தது. மொட்டை போட்டால் ஆபீசில் தெரிந்துவிடும் என்று போடவில்லை. தம்பிமார்கள் சண்டை பிடித்தார்களாம். ஊர்க்காரர்கள் சுடுகாட்டில் வைத்தே காறித் துப்பினார்களாம். "ஆடி வரைக்கும்தான். அப்பறம் போயி மொட்ட அடிச்சுக்கறேன்," என்றார்.

ஒரு வாரத்தில் செடிகள் போயின. நாற்பதில் ஆறோ ஏழோ தூர் மிஞ்சியது, அவையும் சரம் கருகிப் போனவை. சூப்பிரண்டு எங்களை அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் வருகைப் பதிவேடு விரித்து வைத்திருந்தது. எனக்கு மட்டும் ஸ்டூல் போடச் சொன்னார். நான் முதலாளி அனுப்பிய ஆள். அவர் நின்றுகொண்டிருந்தார். மேஸ்திரி வாசலோரம் நின்றார்.

சுண்ணாம்பு யார் வேலை என்று சூப்பிரண்டு கேட்டார். என் வேலைதான் சார் என்றார் அவர். பதிவேட்டைக் காட்டி, அத்தனை நாளும் நீ இருந்திருக்கிறாயே, பிறகு யார் கழுவியது என்று கேட்டார் சூப்பிரண்டு. பதில் சொல்ல அவருக்கு வழி இல்லை. அன்று பூங்காவிலேயே இல்லை என்று சொன்னால் இரண்டு வருஷமும் அறுந்து போகும், மேஸ்திரியும் போவார். என்னைக் காட்டிக்கொடுத்தால், நீ இருக்கும்போது அவன் எப்படி ஏறினான் என்று கேட்பார்கள். நானாக வாயைத் திறந்து, இவருக்குத் தெரியாமல் நான்தான் செய்தேன் என்று சொன்னால் மட்டுமே அவர் தப்ப முடியும். அது அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும்.

சூப்பிரண்டு என் பக்கம் திரும்பினார். குரல் மாறியது, மரியாதை வந்தது. "நீங்க சொல்லுங்க. ஏலச் செடிய பத்தித் தெரிஞ்ச எவனாவது இந்த வெயில்ல நிழல எடுப்பானா?"

"எடுக்க மாட்டாங்கய்யா," என்றேன்.

அதை நான் இத்தனை வருஷமும் கூச்சம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். பெரிய மனிதர்கள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அது என்னைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் கூச்சப்படுகிறவன் பேசாமல் இருப்பான். நான் பேசினேன். கேள்வி வந்த கணத்தில் போடி ஸ்டோரும், மகள் சீருடையில் பள்ளிக்கூடம் போவதும் என் கண்ணில் வந்து போயின. அதை மறைக்க முடியாது.

ஒரு தாளில் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். தமிழில்தான் இருந்தது. மலைத் தோட்ட அனுபவம் உள்ளவர் கூறியபடி, தினக்கூலிப் பணியாளரின் அலட்சியமே காரணம் என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அலட்சியம் என்ற சொல்லில் நின்றேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள். பட்டியலில் பெயரை அடித்துவிட்டார்கள். மண்வெட்டியையும் பூட்டுச் சாவியையும் ஒப்படைத்துவிட்டு, கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"ஏழு மாசத்துல நீ இவ்ளோ சத்தமா பேசி நான் கேட்டதே இல்ல தம்பி," என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த நாள் மத்தியானம் அந்த அம்மாளே தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு பூங்கா கேட்டுக்கு வந்தார்கள். எனக்காக. கண் வீங்கியிருந்தது. வீட்டுக்காரர் புத்தி பேதலித்துப்போய் என் மேல் பழி போடுவதாகவும், நான் அதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார்கள். "உன் வாயிலேருந்து ஒரு வார்த்த வராது, நீயா கூர மேல ஏறி இதச் செஞ்சிருப்பே? அம்மா போன துக்கத்துல குடிச்சிட்டு வந்து அவருதான் இன்னாவோ செஞ்சிருக்காரு," என்றார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டியை வாங்கிக்கொண்டேன். ஊருக்குக் கிளம்பும் வரை நாலு நாள் அப்படிச் சாப்பாடு வந்தது. நான் சாப்பிட்டேன்.

போடிக்குத் திரும்பி வந்தபோது முதலாளி கோபிக்கவில்லை. பட்டணத்துக்காரனுக்குச் செடியின் அருமை தெரியுமா என்றார். ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலை கொடுத்தார். சல்லடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பெருவெட்டு, சிறுவெட்டு என்று பிரிக்க வேண்டும். பேச வேண்டிய அவசியமில்லாத வேலை. மகள் போடிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். நன்றாகப் படித்தாள். ஒவ்வொரு வருஷமும் வைகாசி கடைசியில் மேற்கு மலை மேல் மேகம் இறங்கும்போது ஸ்டோர் ஜன்னலைச் சாத்திவிடுவேன். காய்க்கு ஈரம் ஆகாது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

என் மனைவியிடம் சொல்லவே எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. மகளுக்கு நர்சு படிப்புக்கு மெட்ராஸில் நேர்காணல் என்று கடிதம் வந்த அன்று சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், முறம் நின்றது. "இத வயித்துல வச்சுக்கிட்டா இத்தனை வருசமும் சோறு தின்னீக?" என்றாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறீகள்ல. அப்படியே போயிச் சொல்லிட்டு வாங்க," என்றாள்.

மகளை நேர்காணலில் விட்டுவிட்டுப் பூங்காவுக்குப் போனேன். கண்ணாடி வீட்டில் பாதிக் கூரையில் தகரம் போட்டிருந்தார்கள். ஏலச் செடி இருந்த மூலையில் குரோட்டன்ஸ் தொட்டிகள் இருந்தன. பழைய மேஸ்திரி ஓய்வு பெற்றுப் போயிருந்தார். சுண்ணாம்பு அடித்த அண்ணனைப் பற்றி வாட்ச்மேனிடம் விசாரித்தேன். அவர் இப்போது வீடு வீடாகச் சைக்கிளில் போய்த் தோட்ட வேலை செய்கிறார் என்றும், வீடு அதே கால்வாய் ஓரம்தான் என்றும் சொன்னான்.

அவர் வீட்டு வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஆபீசுக்கு வந்து எழுதிக் கொடுக்கிறேன் அண்ணே என்றேன். அதைச் சொல்லவே எனக்கு வியர்த்தது.

"எனக்கு அம்பதாவப் போவுது. இனிமே எவன் பர்மனென்ட் பண்ணுவான்?" என்றார். துணியைப் பிழிந்து ஹேண்டில் பாரில் போட்டார். "ஆபீசுக்கு வாணாம். உள்ள இருக்கா பாரு, அவகிட்ட சொல்லு. பதினோரு வருசமா நான் சொல்றேன். நம்ப மாட்டேன்றா."

உள்ளே அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து, பூச்சி வந்திருக்குது என்று சிரித்துக்கொண்டே பாயை விரித்தார்கள். உட்கார்ந்தேன். மகள் எப்படி இருக்கிறாள், எனக்கு இப்போது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தார்கள். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கால்வாய்த் தண்ணீர் நின்ற கறை இருந்தது.

"மதினி, சுண்ணாம்பக் கழுவுனது நான்தான். அண்ணன் அன்னைக்கு ஊர்லயே இல்ல," என்றேன்.

அவர்கள் இன்னும் அணைக்காத தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"சார் கேட்டப்ப நீ அங்க இருந்தியா?"

இருந்தேன் என்றேன்.

"இவரும் இருந்தாரா?"

இருந்தார் என்றேன்.

குச்சி விரலைச் சுட்டிருக்க வேண்டும், உதறிப் போட்டார்கள். கணவரைப் பார்த்தார்கள். "பெத்தவளுக்கு மொட்ட போடாம ஓடியாந்த மனுசன். குடிச்சிட்டுப் பொய் சொல்றேன்னு உன்ன இன்னா இன்னா பேசியிருக்கேன்," என்றார்கள். குரல் உயரவே இல்லை. அவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மாள் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார்கள். பிறகு என் முன்னால் வந்து நின்றார்கள்.

"எழுந்திரு. பாய எடுக்கணும்."

எழுந்தேன். அவர்கள் பாயை எடுத்து, என்னைத் தாண்டி வாசலுக்குக் கொண்டுபோய், இரண்டு தடவை உதறி, சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினார்கள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவர் சைக்கிளை நகர்த்தி எனக்கு வழி விட்டார்.